கால் பங்கு ஆற்றுக்கு

அம்பாங் பெச்சா பக்கம் சிலாங்கூர் ஆற்றில் மோட்டார் படகு ஓடாது. பாறையும் இழுப்பும் உள்ள தண்ணீர் அது. ரப்பர் மிதவையில் சறுக்கி விளையாட வருபவர்களுக்குத்தான் லாயக்கு. 1883-ல் அணை உடைந்து பழைய கோல குபு பட்டணத்தையே அடித்துக்கொண்டு போனதும் இந்தப் பக்கத்தில்தான். அங்கிருந்து இறங்கி, வழியில் பல கிளையாறுகளைச் சேர்த்துக்கொண்டு, பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டிய பிறகு ஆறு அகன்று, வேகம் குறைந்து, பழுப்பேறிப் போகிறது. கம்போங் குவாந்தான் பக்கம் கடலின் ஏற்ற இறக்கம் தெரியத் தொடங்கும். கோல சிலாங்கூரில் பாசிர் பெனாம்பாங் மீன்பிடிக் கிராமத்தைத் தொட்டுவிட்டுக் கடலில் விழுகிறது. அவுட்போர்டு மோட்டாரின் ராஜ்ஜியம் இந்தக் கடைசித் துண்டில்தான்.

வார இறுதியில் கெராங் சிப்பியும் சுட்ட மீனும் சாப்பிடத் தோட்டப்புறங்களிலிருந்து இறங்கி வரும் குடும்பங்கள் படகுத்துறையில் நின்று கீழே பார்த்தால் ஏதாவது ஒரு பழைய படகின் பின்னால் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் விரிந்திருக்கும். பக்கத்தில் போனால் பெட்ரோலும் கருகிய எண்ணெயும் கலந்த வாடை வரும். "டேங்க் ஒழுகுதாண்ணே?" என்று பிள்ளைகள் கேட்கும். டேங்க் ஒழுகவில்லை. என்ஜினும் கெட்டுப் போகவில்லை. நல்ல நிலையில் ஓடும் கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார் அப்படித்தான் ஓடும்.

டூ-ஸ்ட்ரோக் நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் புல்லு மிஷின் தெரியும். மரம் அறுக்கும் செயின்சா, முதுகில் சுமந்து மருந்தடிக்கும் மிஷின், ஒரு காலத்து இளைஞர்கள் உயிராக நினைத்த ஆர்எக்ஸ்ஸெட் மோட்டார் சைக்கிள் எல்லாமே இந்த வம்சம்தான். புல்லு மிஷின்காரர் காலையில் செய்யும் முதல் வேலை பெட்ரோலில் டூ-டி எண்ணெய் கலப்பது. 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. ஏன் கலக்க வேண்டும் என்று யோசித்தால் ஆற்றில் மிதக்கும் படலத்தின் கதை முழுவதும் அதில் வந்துவிடும்.

கார் என்ஜினுக்கு அடியில் ஒரு எண்ணெய்த் தொட்டி உண்டு. அதிலிருந்து எண்ணெய் மேலே ஏறி, உராயும் இடங்களை நனைத்துவிட்டு மறுபடி தொட்டிக்கே இறங்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்தத் தொட்டி இல்லை, இருக்கவும் முடியாது. ஏனென்றால் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸ் என்ற அறைதான் அங்கே காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து அழுத்தி மேலே தள்ளும் பம்பாக வேலை செய்கிறது. அந்த அறை வழியாகப் போகும் கலவையோடு எண்ணெயும் சேர்ந்து போய், போகிற போக்கில் பேரிங்கையும் சிலிண்டர் சுவரையும் நனைத்துவிட்டு, பெட்ரோலுடன் எரிந்தோ எரியாமலோ வெளியேறிவிட வேண்டும். ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பி வருவதற்கு வழியே கிடையாது.

இதைவிடப் பெரிய குறை வாசலில் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரில் கார் என்ஜினில் இருப்பதுபோன்ற வால்வு இல்லை. சிலிண்டர் சுவரில் துளைகள் உண்டு, பிஸ்டன் ஏறி இறங்கும்போது அவை மூடித் திறக்கின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் புகை போகும் துளை திறக்கும். அடுத்த கணம் புதுக் கலவை வரும் துளையும் திறக்கும். புதுக் கலவை உள்ளே பாய்ந்து பழைய புகையை வெளியே தள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்து கிடப்பதால் புகையோடு புதுக் கலவையிலும் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1990-களில் அவுட்போர்டு மோட்டார்களுக்கு விதி எழுத உட்கார்ந்தபோது பேசப்பட்ட கணக்கு இதுதான்: உள்ளே போகும் எரிபொருளில் நான்கில் ஒரு பங்கு, சில மோட்டார்களில் 30 விழுக்காடு வரை, எரியாமலே போகிறது.

இந்த ஏற்பாட்டின் மூலவர் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே. கிராங்க் கேஸையே பம்பாக்கும் யோசனைக்கு அவர் 1891-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய பட்டறையில் வேலை செய்த ஃபிரெடரிக் காக் மறுவருடம் வால்வையும் நீக்கி, துளைகளை பிஸ்டனே மூடித் திறக்கும்படி செய்தார். சுலபம், மலிவு, எடை குறைவு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-ல் தன் அவுட்போர்டு மோட்டாரை விற்கத் தொடங்கினார். அன்றிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் படகின் பின்னால் தொங்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக். பெட்ரோல் மலிவாக இருந்த காலத்தில் கால் பங்கு வீணாவதை யார் கணக்குப் பார்த்தார்கள்?

மோட்டார் சைக்கிளில் இந்த வீண் புகையாகக் காற்றில் கலக்கும். அவுட்போர்டில் நேரே தண்ணீருக்குள் போகிறது. புகைக்குழாய் மோட்டாரின் காலுக்குள் இறங்கி, குளிர்விக்கும் தண்ணீரோடு கலந்து, பெரும்பாலான மோட்டார்களில் புரொப்பல்லரின் நடுமையம் வழியாக நீருக்கடியில் வெளியேறுகிறது. சத்தம் குறையும், சூடு தணியும், புகை கண்ணில் படாது. படகில் இருப்பவருக்கு எல்லாம் சௌகரியம்தான். ஆற்றுக்கு அப்படியில்லை. சூடான புகை குளிர்ந்த நீரில் பட்டதும் அதிலிருந்த எண்ணெய் ஆவி குளிர்ந்து துளியாகிறது. பென்சீன், டொலுவீன் போன்றவை நீரில் கரைகின்றன. கரித்தூள் அங்கேயே தங்கிவிடுகிறது.

இதைக் கிட்டத்தில் பார்க்க ஆறு வேண்டியதில்லை, மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை போதும். வேலை முடிந்ததும் மோட்டாரை ஒரு டிரம் தண்ணீரில் மாட்டிக் கயிற்றை இழுப்பார்கள். இரண்டு மூன்று இழுப்பில் இருமிக்கொண்டு கிளம்பும், நீலம் கலந்த வெள்ளைப் புகை எழும்பும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் வெள்ளிப் பூச்சுப்போல் ஒன்று படரும். பிறகு அதில் ஊதாவும் பச்சையும் மஞ்சளும் ஓடத் தொடங்கும். இன்னும் ஓடவிட்டால் நிறங்கள் மங்கி, டிரம்மின் ஓரத்தில் பழுப்பு நுரை சேரும், அதில் கரித் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலை விட்டு எடுத்தால் தண்ணீர் வழிந்துவிடும், பிசுபிசுப்பு நிற்கும். எரியாத பெட்ரோல், எரியாத எண்ணெய், பாதி எரிந்த கரி மூன்றும் சேர்ந்தது அது. மோட்டார் மெதுவாக ஓடும்போதுதான் இது அதிகம். சூடு போதாமல் கலவை சரியாகப் பற்றாது, எண்ணெய் கிராங்க் கேஸின் அடியில் தேங்கும். மிகப் பழைய மோட்டார்களில், அதாவது 1970-களின் தொடக்கத்துக்கு முன்பு வந்த பலவற்றில், இப்படித் தேங்கியதை வடித்து நேரே தண்ணீரில் விடுவதற்கென்றே ஒரு வழி வைத்திருந்தார்கள். பிறகுதான் அதைத் திரும்ப என்ஜினுக்குள்ளேயே இழுத்து எரிக்கும்படி மாற்றினார்கள். பழைய மோட்டாரை ஆசையோடு புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அந்த நிறங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. கடலில் எண்ணெய் கசிவை விமானத்திலிருந்து மதிப்பிடுகிறவர்கள் வைத்திருக்கும் அளவுகோலின்படி, வெள்ளி மினுக்கம் தெரிந்தால் படலத்தின் கனம் 0.04 முதல் 0.3 மைக்ரோமீட்டர். வானவில் நிறம் தெரிந்தால் 0.3 முதல் 5 வரை. அதற்கு மேல் உலோகப் பளபளப்பு. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. படலத்தின் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்கள் கூடியும் சில நிறங்கள் குறைந்தும் நம் கண்ணுக்கு வருவதால்தான் இந்தக் கோலம்.

15 குதிரைத்திறன் பழைய மோட்டார் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 6 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 50-க்கு 1 கலவையில் அதோடு 120 மில்லி எண்ணெய் போகிறது. நான்கில் ஒரு பங்கு எரியாமல் போனால் ஒன்றரை லிட்டர் பெட்ரோலும் 30 மில்லி எண்ணெயும் தண்ணீருக்கு. நம் வெயிலில் பெட்ரோலின் பெரும்பகுதி சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும், எண்ணெய் நின்றுவிடும். அந்த 30 மில்லியை 0.3 மைக்ரோமீட்டர் கனத்தில் பரப்பினால் 100 சதுர மீட்டர், ஒரு பேட்மிண்டன் திடலைவிடப் பெரியது. வெள்ளி மினுக்கத்தின் அடிமட்டக் கனத்தில் பரப்பினால் 750 சதுர மீட்டர். இருமல் மருந்துக்கு இரண்டு மேசைக்கரண்டி எடுப்போமே, அவ்வளவு எண்ணெய்தான் இது.

ஆகவே ஆற்றில் பெரிய வானவில்லைப் பார்த்து ஆறு செத்துவிட்டது என்று பதறுவதும் தவறு, காலையில் வானவில் காணாமல் போனதும் ஆறு சுத்தமாகிவிட்டது என்று திரும்பிப் போவதும் தவறு. கண்ணுக்குத் தெரிகிற படலம்தான் இந்தக் கணக்கில் மிகச் சின்ன தொகை. மீதி ஆவியாகியோ கரைந்தோ படிந்தோ போய்விடுகிறது.

கரைந்தது என்ன செய்யும் என்று அதிகம் ஆராய்ந்த இடம் அமெரிக்காவின் டாஹோ ஏரி. படகுப் புகையில் வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் சூரியனின் புறஊதாக் கதிர் பட்டால் நச்சுத்தன்மை பல மடங்கு ஏறுகிறது, மீன் குஞ்சுகளையும் நுண்ணிய மிதவை உயிர்களையும் தாக்குகிறது என்று அங்கே கண்டார்கள். 1999 ஜூன் முதல் கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு அந்த ஏரியில் தடை. லட்சக்கணக்கான மக்களுக்குக் குடிநீர் கொடுக்கும் ஐரோப்பாவின் போடன்ஸே ஏரியில் 1993-லிருந்தே படகுப் புகைக்குக் கடும் விதி. ஆனால் டாஹோவின் பாடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சிலாங்கூர் ஆற்றில் ஒட்ட முடியாது. அது ஆழம்வரை ஒளி இறங்கும் தெளிந்த ஏரி. இது சேறு கலந்த பழுப்பு ஆறு, புறஊதாக் கதிர் மேலேயே நின்றுவிடும். இங்கே ஆபத்து வேறு பக்கம். எண்ணெய்த் துளிகள் வண்டல் துகள்களில் ஒட்டிக் கனமாகி அடியில் இறங்குகின்றன. சதுப்புச் சேற்றில் விரலளவுக்குக் கீழே போனாலே பிராணவாயு கிடையாது. பிராணவாயு இல்லாத இடத்தில் எண்ணெயைத் தின்னும் கிருமிகளின் வேலையும் மந்தம். மேலே மிதந்தால் சில நாட்களில் சிதைந்துவிடக்கூடியது கீழே போனதும் பல காலம் தங்கிவிடுகிறது.

அந்தச் சேற்றில்தான் கோல சிலாங்கூர், ஜெராம் கடலோரத்துக் கெராங் வளர்கிறது. சேற்றில் பாதி புதைந்து கிடந்து, தண்ணீரை இழுத்து வடிகட்டி, அதிலுள்ளதைத் தின்னும் பிராணி அது. மீனின் உடல் இந்த ஹைட்ரோகார்பன்களை ஓரளவு வேகமாகச் சிதைத்து வெளியே தள்ளிவிடும். சிப்பி வகைகளுக்கு அந்தத் திறமை குறைவு, உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரு கடற்கரையின் எண்ணெய் மாசை அளக்க உலகெங்கும் ஆய்வாளர்கள் சிப்பியைத் தேடிப் போவது இதனால்தான்.

மின்மினிக்கு வருவோம். கோல சிலாங்கூர் என்றதும் வெளியூர்க்காரர் கேட்பது அதைத்தான். கம்போங் குவாந்தானில் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் கூடி ஒரே தாளத்தில் மின்னும் அந்தப் பூச்சியின் அறிவியல் பெயர் டீரோப்டிக்ஸ் டெனர். அங்கே பார்வையாளர்களைத் துடுப்புப் படகில் அழைத்துப் போகும் வழக்கம் உண்டு. புக்கிட் பெலிம்பிங்கில் மின்சார மோட்டார் படகு. சத்தமும் அலையும் புகையும் வேண்டாம் என்பதற்காக. அது நல்ல ஏற்பாடு. ஆனால் மின்மினி குறைந்ததற்குப் படகு எண்ணெய்தான் காரணம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கரையோர மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தது, இரவு விளக்குகள், கரை அரிப்பு, ஆற்று நீரின் உப்பளவு மாறியது என்று முன்வரிசைக் குற்றவாளிகள் வேறு இருக்கிறார்கள். படகு எண்ணெயின் பங்கு மறைமுகமானது. மின்மினியின் புழு மரத்தில் வாழ்வதில்லை, கரையின் ஈர மண்ணில் வாழ்ந்து சிறு நத்தைகளைப் பிடித்துத் தின்கிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் தண்ணீர் கொண்டுவரும் எண்ணெய்ப் படலம் இறக்கத்தில் கோடாகத் தங்குவதும் அதே ஈரக் கரையில்தான்.

மேல் ஆற்றுக்காரர்கள், "எங்கள் பக்கம் படகே இல்லையே" என்று நழுவ முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றிலிருந்து போகிறது. 2019 ஜூலையில் ஆற்றில் டீசல் கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்து சுங்கை கோங்கில் கொட்டிய கழிவின் நாற்றத்தால் மறுபடி அதே நிலையங்கள் நின்றன, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குக் குழாய் வறண்டது. இரண்டிலும் படகுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் எண்ணெய் வகைகளில் எவ்வளவு குறைந்த அளவு போதும் என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். நிலையத்தை மூட வைத்தது வாடைதான்.

எண்ணெயிலும் சாதி உண்டு. படகுக்கென்று வரும் எண்ணெய் டின்னில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும். ஆற்று நீரில் குளிரும் மோட்டார் காற்றில் குளிரும் மோட்டார் சைக்கிளைவிடக் குறைந்த சூட்டில் ஓடுகிறது. அதனால் சாம்பல் விடாத கலவை அதற்கு வேண்டும். மோட்டார் சைக்கிள் டூ-டி எண்ணெயில் உலோகச் சேர்மங்கள் உண்டு, படகு மோட்டாரில் அவை சாம்பலாகி பிளக்கில் படியும். விலை குறைவு என்று அதை ஊற்றி ஓட்டுகிறவர்கள் பிளக்கிலும் பிஸ்டனிலும் அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பழைய காலத்து எண்ணெயில் அடர்த்தியான கனிம எண்ணெய் சேர்ப்பார்கள், கறுத்து ஒட்டும் பிசின் அதனால் வந்தது. இப்போதைய புகை குறைந்த வகைகளில் பாலிஐசோபியூட்டிலீன் என்ற பொருள் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. சூட்டில் உடைந்து எரிந்துவிடும், மிச்சம் குறைவு. ஆனால் எண்ணெய் நல்லதாகிவிட்டது என்பதற்காகப் பழைய மோட்டாருக்கு அளவைக் குறைத்துவிடக் கூடாது. 1964-க்கு முந்தைய பல மோட்டார்களுக்கு 24-க்கு 1, சிலவற்றுக்கு 16-க்கு 1 கூட வேண்டும். உள்ளே இருக்கும் வெண்கல பேரிங்குக்கு அது உயிர். அவை அதிகம் கக்குவது பிறவிக்குணம்.

மாற்று இல்லாமல் இல்லை. ஹோண்டா 1964-லேயே நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு கொண்டுவந்தது. அமெரிக்காவின் 1996 விதி, 2006-க்குள் புது மோட்டார்களின் ஹைட்ரோகார்பன் கழிவை 75 விழுக்காடு குறைக்கச் சொன்னது. புகைவாசல் மூடிய பிறகு பெட்ரோலைப் பீச்சும் டூ-ஸ்ட்ரோக்குகளும் அதையொட்டி வந்தன. அந்த வகையில் பெயர் வாங்கிய எவின்ரூட்டின் உற்பத்தி 2020-ல் நின்றே போனது. இருந்தும் மீனவர் பழைய கார்புரேட்டர் மோட்டாரை விடமாட்டேன் என்பதற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் சுமார் 36 கிலோ. அதே திறனுள்ள நான்கு ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தொடும். திருட்டுக்குப் பயந்து தினமும் மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு அந்த வித்தியாசம் என்னவென்று தெரியும். கெட்டுப்போனால் கரையிலேயே ஒரு ஸ்பேனரை வைத்துச் சரிசெய்துவிடலாம் என்பதும் சின்ன விஷயமல்ல.

ஆனால் காசுக் கணக்கு மெல்ல மாறி வருகிறது. இலங்கையின் வடக்கில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் ஏராளம். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட மெதுவாக ஆவியாவதால் தண்ணீரில் தங்குவதும் அதிகம். 2022 ஆகஸ்டில் அங்கே ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. 340-ல் கால் பங்கு 85. ஏறக்குறைய பழைய விலை முழுவதையும் ஒவ்வொரு லிட்டருக்கும் கடலில் ஊற்றும் கணக்கு அது. சுற்றுச்சூழல் பேச்சு எடுபடாத இடத்தில் இந்தக் கணக்கு எடுபடும்.

புது மோட்டார் வாங்க முடியாதவர் என்ன செய்யலாம்? ஒன்று செய்யக் கூடாது: படகின் அடியில் சேர்ந்த எண்ணெய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றிக் கலக்கி இறைப்பது. வானவில் மறைந்துவிடும், எண்ணெய் மறையாது. பொடித்துளிகளாக நீருக்குள் இறங்கி, மீனின் செவுளுக்கும் கெராங்கின் வாய்க்கும் இன்னும் சுலபமாகப் போய்ச் சேரும். மலேசிய நீர்ப்பரப்பில் எண்ணெய் கழிப்பதை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது, சோப்பு போட்டால் அந்தக் குற்றம் கழுவப்படாது.

அதற்குப் பதில் இலவம் பஞ்சு இருக்கிறது. மலாய்க்காரர்கள் கெகாபு என்கிறார்களே, அதே தலையணைப் பஞ்சு. அதன் இழை உள்ளே கூடாக, வெளியே மெழுகுப் பூச்சோடு இருப்பதால் தண்ணீரை ஒதுக்கி எண்ணெயை மட்டும் குடிக்கும், தன் எடையைப்போல் முப்பது மடங்குக்கு மேல். பழைய வலைத்துண்டில் ஒரு பிடி கட்டிப் படகின் அடித்தண்ணீரில் போட்டு வையுங்கள். மோட்டார் ஓட்டிப் பார்க்கும் டிரம்மில் போட்டுப் பரப்பை ஒற்றி எடுத்துவிட்டு, பஞ்சைக் கழிவு எண்ணெயோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், அடியில் மிஞ்சும் கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் சாய்க்காதீர்கள். அம்பாங் பெச்சாவில் புல்லு மிஷின் வைத்திருப்பவருக்கும் ஒரு வார்த்தை: எண்ணெயைக் கண்ணால் பார்த்து ஊற்றாமல் அளவுக் குப்பியில் ஊற்றுங்கள், மிஞ்சிய கலவையை வாய்க்காலில் கொட்டாதீர்கள். உங்கள் வாய்க்கால் சேருவதும் சிலாங்கூர் ஆற்றில்தான், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே.